அம்மாவின் முழங்காலுக்குப் போட்ட மூன்று பிஆர்பி ஊசிகள்

மூட்டுத் தேய்மானத்துக்கு பிஆர்பி ஊசி (நம் ரத்தத்திலிருந்தே தட்டணுக்கள் நிறைந்த நீரைப் பிரித்து மூட்டில் போடுவது) போடலாமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறதா? பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஊசிக்கு 15,000 ரூபாய் வீதம் மூன்று ஊசிக்கு 45,000 கட்டினோம். அம்மாவுக்கு வலி குறையவில்லை. அதைவிட என்னை வதைப்பது வேறு: அந்த ஊசி அம்மாவின் மூட்டுக்குப் பொருந்தாது என்பது, நாங்கள் கையில் கொண்டுபோன எக்ஸ்ரே கவருக்குள்ளேயே எழுதியிருந்தது.

அம்மாவுக்கு 66 வயது. ஆறேழு வருடமாக வலது முழங்காலில் வலி. மாடிப்படி இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி, சுவரில் கை ஊன்றி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் இறங்குவார். 'ஆபரேஷன் இல்லாமல் மூட்டு வலிக்குத் தீர்வு' என்ற விளம்பரத்தைப் பார்த்து அந்த கிளினிக்குக்கு அழைத்துப் போனவன் நான்தான்.

டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட இருக்காது. "ஜவ்வு தேஞ்சிருக்கும்மா. உங்க ரத்தத்துல இருந்தே எடுத்து ஊசியா போட்டா திரும்ப வளரும். ஆபரேஷனே வேண்டாம்" என்றார். அடுத்த அறையில் ஒரு பெண் பேக்கேஜ் விவரம் சொல்லி, இந்த வாரமே கட்டினால் சலுகை என்றார். கட்டிவிட்டேன்.

கையில் ரத்தம் எடுத்து, குழாயை ஒரு மெஷினில் வைத்துச் சுற்றினார்கள். வெளியே எடுத்தபோது சிவப்பு அடியில் தங்கி, மேலே மஞ்சளாக ஒரு நீர். "இதுதாம்மா உங்க மருந்து" என்று காட்டினார்கள். அம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து அவ்வளவு நம்பிக்கையோடு பார்த்தார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

முதல் ஊசி போட்ட இரவே முழங்கால் வீங்கிவிட்டது. வலி மாத்திரையும் ஒரு வாரத்துக்குப் போடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஐஸ் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். மூன்று ஊசியும் முடிந்து மூன்று மாதம் ஆகியும் படியில் அதே பக்கவாட்டு நடைதான். போய்க் கேட்டால், "சிலருக்கு இன்னொரு கோர்ஸ் தேவைப்படும்" என்றார்கள்.

அப்புறம்தான் அரசு மருத்துவமனை எலும்பு மருத்துவரிடம் போனோம். அவர் அதே எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டி, மூட்டின் உட்பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினார். இரண்டு எலும்புக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி இல்லை. "இது கிரேடு 4. ரிப்போர்ட்லயே போட்டிருக்கே, யாரும் சொல்லலையா?" என்று கேட்டார். தேய்மானத்தை 0 முதல் 4 வரை பிரிப்பார்கள், 4 தான் கடைசி நிலை. அந்தத் தாளை நானும் அதுவரை படித்துப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். காயம் ஆற உதவும் பொருள்கள், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களில் இருப்பது உண்மை. மூட்டுக்கும் அது உதவுமா என்பதுதான் கேள்வி. ஆஸ்திரேலியாவில் 288 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வின் முடிவு 2021-இல் வெளியானது. எல்லோருக்கும் லேசான அல்லது நடுத்தரத் தேய்மானம், வயது 50-க்கு மேல். பாதிப் பேருக்கு பிஆர்பி, பாதிப் பேருக்கு வெறும் உப்பு நீர், வாரம் ஒன்றாக மூன்று ஊசி. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. ஒரு வருடம் கழித்து, பத்துக்குக் கணக்கிட்ட வலி பிஆர்பி போட்டவர்களுக்கு 2.1 குறைந்தது, உப்பு நீர் போட்டவர்களுக்கு 1.8. பெரிய வித்தியாசம் இல்லை. ஜவ்வு வளரவும் இல்லை, இரண்டு பிரிவினருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு குறைந்துதான் இருந்தது. அதனால் 'எனக்குக் கேட்டது' என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. உப்பு நீர் போட்டவர்களுக்கும்தான் கேட்டிருக்கிறது.

பலன் காட்டிய ஆய்வுகளும் இருக்கின்றன, மறைக்கவில்லை. ஆனால் இடத்துக்கு இடம் தயாரிக்கும் முறையே வேறு. இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் சங்கம் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில், முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு இது வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது. லேசான தேய்மானம் உள்ளவர்களுக்கே இந்த நிலை என்றால், கிரேடு 4 மூட்டைப் பார்த்து 'திரும்ப வளரும்' என்று சொல்ல அந்த கிளினிக் டாக்டருக்கு எப்படி மனசு வந்தது?

உங்கள் வீட்டிலும் எக்ஸ்ரே எடுத்திருந்தால் இன்றே கவரைப் பிரித்து ரிப்போர்ட்டைப் படியுங்கள். எந்த கிரேடு, அந்த கிரேடுக்கு இந்த ஊசி என்ன செய்யும் என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். 'ஜவ்வு வளரும்' என்று சொன்னால், அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

பில்லையும் பார்த்து வாங்குங்கள். எங்களுக்குத் தந்த சீட்டில் 'ப்ரொசீஜர் சார்ஜ்' என்று மட்டும்தான் இருக்கிறது, பிஆர்பி என்ற சொல்லே இல்லை. என்ன சிகிச்சை என்று எழுதிய முழு பில்லும் கேஸ் ஷீட் நகலும் கேட்டுப் பதிவுத் தபால் அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. ஒப்புகை அட்டை வந்துவிட்டது, பதில் வரவில்லை. வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.