லாக்கர் திறக்க வந்தவர் முதலிலேயே டிரில்லை எடுத்தால் நிறுத்தச் சொல்லுங்கள்

நேற்று மாலை நடந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. போனில் பேசிய கூலியைப் போல ஆறு மடங்கு பணம் போனது, லாக்கரும் போனது. இத்தனைக்கும் பழுதாகியிருந்தது ஒரு 9 வோல்ட் பேட்டரி மட்டும்தான். அடுத்தவருக்கு இது நடக்கக்கூடாது என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். என்ன செய்திருக்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

லாக்கர், கீபேட் வைத்த நடுத்தர ரகம். தீயைத் தாங்கும் வகை. நம்பரை அடித்தால் ஒவ்வொரு பட்டனுக்கும் பீப் வந்தது, கடைசியில் நம்பரை ஏற்றுக்கொண்டதற்கான இரட்டை பீப்பும் வந்தது. ஆனால் உள்ளே வழக்கமாகக் கேட்கும் அந்த 'க்ளிக்' இல்லை. கைப்பிடியும் திரும்பவில்லை. விஷயம் தெரிந்தவருக்கு இந்த அறிகுறியே போதும். நம்பர் சரி, எலக்ட்ரானிக்ஸ் உயிரோடு இருக்கிறது, பூட்டின் நாக்கை இழுக்கிற மின்காந்தச் சுருளான சொலினாய்டுக்கு மட்டும் பெரும்பாலும் மின்சாரம் பத்தவில்லை. பீப் அடிக்கச் சில மில்லிஆம்பியர் போதும். சொலினாய்டோ மோட்டாரோ இழுக்க அதைவிடப் பல மடங்கு வேண்டும். பாதி இறங்கிய பேட்டரி பீப்பை அடிக்கும், நாக்கை இழுக்காது.

ஆளைப் பிடித்தது ஒரு தொழில் விவரத் தளத்தில். 'இருபத்து நான்கு மணி நேரமும் லாக்கர் திறப்பு, சேதமில்லாமல்' என்று போட்டிருந்தார்கள். போனில் பேசியவர் எந்த மாடல், எந்த வகைப் பூட்டு, பீப் வருகிறதா என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரு தொகை சொன்னார், குறைவாகத்தான் இருந்தது. "ஆள் வந்து பார்த்துட்டுச் சொல்வார் சார், பெரும்பாலும் இதுக்குள்ளேயே முடிஞ்சிடும்" என்றார். அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லை அப்போதே பிடித்திருக்க வேண்டும்.

வந்தவர் பார்க்கத் தொழில்காரர் போலவே இருந்தார். பெரிய பெட்டி, கையுறை, தலையில் விளக்கு. கீபேடைக் கழற்றி, பேட்டரியை எடுத்து, மல்டிமீட்டரை வைத்தார். திரையில் 8.4 என்று காட்டியது. "பாருங்க சார், பேட்டரி நல்லாத்தான் இருக்கு. உள்ளே பூட்டு போயிடுச்சு. டிரில் போடாம வேற வழியில்ல."

நம்பிய இடம் அதுதான். மீட்டரில் எண் தெரிகிறது, அவர் ஒளிக்காமல் காட்டுகிறார், இதற்கு மேல் என்ன சந்தேகப்படுவது? தலையை ஆட்டியாயிற்று.

அந்த அளவில் என்ன தப்பு என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதே வித்தையை இன்னும் நூறு பேரிடம் காட்டுவார்கள். சுமை இல்லாமல், அதாவது பேட்டரி எதையும் இயக்காமல் சும்மா இருக்கும்போது அளந்தால் பழைய பேட்டரியும் எட்டு வோல்ட்டுக்கு மேல் காட்டும். புது ஆல்கலைன் பேட்டரி ஒன்பதைத் தாண்டிக் காட்டும். வயதான பேட்டரிக்கு உள்தடை ஏறியிருக்கும், சொலினாய்டு இழுக்கிற அந்த நொடியில் வோல்ட்டேஜ் சரிந்துவிடும். மீட்டர் மட்டும் வைத்துப் பார்த்தால் அந்தச் சரிவு தெரியாது. சோதிக்க எளிய, நேர்மையான வழி, பாக்கெட் பிரிக்காத புது ஆல்கலைன் பேட்டரியைப் போட்டு நம்பரை அடித்துப் பார்ப்பது. ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தைத்தான் அவர் தாண்டிப் போனார்.

பிறகு துளைகள். முதல் துளை கீபேடுக்குப் பக்கத்தில், கண்ணளவில் குறித்த இடத்தில். கதவின் வெளித்தகடு வெண்ணெய் போல் போனது. அதற்குப் பின்னால் பூட்டைக் காக்கிற கடினத் தகடு இருக்கும். அதைத் தொட்டதும் பிட்டின் முனை மழுங்கி நீலமாகிவிட்டது. சாதாரண ஸ்டீல் பிட்டை வேகமாகச் சுழற்றி அழுத்தினால் இப்படித்தான் ஆகும், கடினத் தகட்டுக்குக் கார்பைடு முனை வேண்டும். "ஸ்பெஷல் பிட் போடணும் சார், அது தனி." தொகை இரண்டு மடங்கானது. இரண்டாவது துளை ஒரு விரல் தள்ளி. அதுவும் எங்கும் போய்ச் சேரவில்லை. "கதவு ரொம்ப ஸ்ட்ராங், ஹெவி டியூட்டி சார்ஜ் ஆகும்." மூன்று மடங்கு.

மூன்றாவது துளையில் உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். அவர் கண்டுகொள்ளவே இல்லை. அது ரீலாக்கர். பூட்டை யாராவது உடைக்கவோ குடையவோ முயன்றால் ஸ்பிரிங் விசையில் பாய்ந்து கதவின் போல்ட்டுகளைத் தனியாகச் சிறைப்பிடிக்கிற இரண்டாவது காவல். அது விழுந்துவிட்டால் சரியான நம்பரும் புதுப் பேட்டரியும் இருந்தால்கூடக் கதவு திறக்காது. அதுவரை பேட்டரி மாற்றினால் திறந்திருக்கக்கூடிய லாக்கரை, மூன்றாவது துளையில் அவர் உண்மையாகவே பூட்டினார். மாடலுக்கு மாடல் எங்கே துளை போட வேண்டும், ரீலாக்கர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதற்கு வரைபடம் உண்டு. முறையாகப் பயின்றவர்கள் அதைப் பார்க்காமல் பிட்டைக் கதவில் வைக்க மாட்டார்கள்.

இன்னும் இரண்டு துளைகள். மொத்தம் ஐந்து. கடைசியில் கிரைண்டர். கதவின் ஓரத்தில் போல்ட் இருக்கும் இடமெல்லாம் அறுத்தார். தீயைத் தாங்கும் லாக்கரின் சுவருக்குள் ஜிப்சமோ கான்கிரீட்டோ போன்ற நிரப்பு இருக்கும். அதில் கட்டுண்டிருக்கும் நீர்தான் தீயின்போது ஆவியாகி உள்ளே சூட்டை ஏற விடாமல் காக்கிறது. அந்த நிரப்பு சுண்ணாம்புத் தூள் போல் தரையில் கொட்டியது. அமெரிக்கச் சோதனை நிறுவனமான யூஎல் காகிதங்களுக்காக வைத்திருக்கும் தரத்தில், வெளியே தீ எரியும்போதும் உள்ளே 177 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது என்று இருக்கிறது. கிரைண்டர் பட்ட இரும்பும் தெறிக்கிற பொறியும் அதைவிடப் பல மடங்கு சூடு. கதவோரம் இருந்த இரண்டு பத்திரங்களின் விளிம்பு பழுப்பேறிப் பொடிந்திருக்கிறது. தீயிலிருந்து காக்க வாங்கிய பெட்டிக்குள் கிரைண்டர் பொறி போயிருக்கிறது.

கதவு வந்தது. "டிஸ்க் நாலு போயிடுச்சு, நேரமும் ஆயிடுச்சு" என்று கணக்குப் போட்டு, பேசியதைப் போல ஆறு மடங்கு கேட்டார். ரொக்கம் மட்டும்தான் வேண்டும் என்றார். லாக்கர் பிளந்து கிடக்கிறது, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிகிறது, முன்பின் தெரியாத ஆள் நடுவில் நிற்கிறார். அந்த நேரத்தில் பேரம் பேச வாய் வராது, பணத்தைக் கொடுத்து அனுப்பத்தான் தோன்றும். அதைத் தெரிந்துதான் கணக்கைக் கடைசியில் சொல்கிறார்கள். ரசீது என்று கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு. நிறுவனப் பெயர் இல்லை, முகவரி இல்லை, மொத்தத் தொகையும் ஒரு கிறுக்கலும் மட்டும்.

இனி இதைப் படியுங்கள். இன்று காலை வேறு ஒரு பூட்டுத் தொழில்நுட்பர் வந்து, கழற்றி எறிந்திருந்த பூட்டையும் கீபேடையும் எடுத்துப் பார்த்தார். துளைகள் எதுவும் பூட்டின் உயிர்நாடியில் படவே இல்லை. வயரைச் சேர்த்து, புது 9 வோல்ட் ஆல்கலைன் பேட்டரியை மாட்டி, அதே நம்பரை அடித்தார். மேசைமேல் கிடந்த பூட்டு 'க்ளிக்' என்று நாக்கை இழுத்துக்கொண்டது. ஐந்து துளை, நான்கு டிஸ்க், ஆறு மடங்கு பணம். பூட்டு நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

அந்த போன் நம்பருக்கு அழைத்தபோது முதலில் எடுத்தவர், "வந்தவர்கிட்டயே பேசிக்கோங்க" என்றார். வந்தவரின் நம்பர் கேட்டால் "அதைக் கொடுக்க மாட்டோம்." இரண்டாம் முறை வேறு குரல்: "அவர் எங்க ஊழியர் இல்ல சார், ஒப்பந்தக்காரர், நாங்க அழைப்பை மாத்தி விடுறதோட சரி." மூன்றாம் முறை இன்னொருவர் கேட்ட கேள்வியை மறக்க முடியாது: "லாக்கர் திறந்துச்சா இல்லையா? திறந்துச்சுல்ல, அப்புறம் என்ன?" பில் எண் சொல்லச் சொன்னார். துண்டுச் சீட்டில் எண் எங்கே இருக்கிறது? நான்காம் முறை மணி அடித்து அடித்து நின்றது. விவரத் தளத்துக்குப் புகார் எழுதினால், கருத்துக்கு நன்றி என்று இயந்திரப் பதில் வந்தது. அந்த விளம்பரம் இந்த நிமிடம் வரை அங்கேயே இருக்கிறது.

காலையில் வந்தவர் வேலை செய்கிற விதம் வேறு. முதலில் லாக்கர் யாருடையது என்பதற்கு அத்தாட்சி கேட்டார். நேற்று வந்தவர் கேட்கவே இல்லை. கேட்காதவர், நாளை நம் லாக்கரைத் திறக்கத் திருடன் கூப்பிட்டாலும் கேட்க மாட்டார். பிறகு கதவு ஓரத்திலும் முதுகுப் பக்கத்திலும் இருந்த தகட்டைப் படித்தார். தயாரிப்பாளர், மாடல், வரிசை எண், தர முத்திரை எல்லாம் அதில் இருக்கும். டிஎல்-15 என்று இருந்தால், கருவிகளோடு தாக்கினாலும் 15 நிமிட நிகர வேலை நேரம் தாங்கும் என்று சோதித்த கதவு. ஐரோப்பாவில் இதற்கு இஎன் 1143-1 தரம். இதைப் படிக்காமல் கூலி சொல்கிறவர் குத்துமதிப்பாகத்தான் சொல்கிறார்.

அவர் சொன்ன ஒழுங்கு இது. முதலில் பேட்டரி. சில கீபேட்களின் அடியில் வெளியிலிருந்தே 9 வோல்ட் பேட்டரியை அழுத்திப் பிடிக்க இரண்டு முனைகள் இருக்கும். பேட்டரி உள்ளே அடைபட்ட மலிவு ரகங்களில் வெளியே செருகும் பேட்டரிப் பெட்டியோ, முத்திரைத் தகட்டுக்குப் பின்னால் அவசரச் சாவித் துளையோ இருக்கும். அடுத்தது அழுத்தம். உள்ளே பொருள் திணித்து மூடியிருந்தாலோ, நம்பர் அடிக்கும்போதே கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தாலோ, பூட்டின் நாக்கின் மேல் பளு ஏறி அது நகராது. கைப்பிடியை மூடும் திசையில் நன்றாகத் தள்ளிப் பிடித்து, கதவை உள்ளே அழுத்தி, நம்பரை அடித்து, க்ளிக் கேட்ட பிறகு திருப்ப வேண்டும். திறக்காத லாக்கர்களில் பல இந்த இரண்டிலேயே திறந்துவிடும் என்றார். பிறகுதான் தயாரிப்பாளரிடம் வரிசை எண்ணும் உரிமைச் சான்றும் கொடுத்து உதவி கேட்பது.

டிரில் கடைசி. அதுவும் ஒரே துளை, ஏறக்குறைய 6 மில்லிமீட்டர், பெரும்பாலும் கீபேடோ டயலோ மறைக்கிற இடத்தில். உள்ளே சிறு கேமராக் குழாயை விட்டுப் பார்த்துத் திறப்பார்கள். திறந்தபின் கடினப்படுத்திய இரும்பு ஆணியால் துளையை அடைத்து, புதுப் பூட்டுப் போட்டு, லாக்கரை மறுபடியும் பயன்பாட்டுக்குக் கொடுப்பார்கள். நல்ல வேலை முடிந்த லாக்கரை வெளியிலிருந்து பார்த்தால் தொட்டதே தெரியாது. இங்கே கிடப்பதைப் பழைய இரும்புக்குத்தான் போட முடியும்.

முழுதாக எழுத நினைத்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. அவசரமாகச் சில.

பீப் வருகிறது, க்ளிக் வரவில்லை என்றால் யாரையும் கூப்பிடும் முன் புது ஆல்கலைன் பேட்டரி போடுங்கள். ரீசார்ஜ் பேட்டரி வேண்டாம். பேட்டரியை எடுத்தால் நம்பர் அழிந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், பெரும்பாலான பூட்டுகளில் அழியாது.

தவறான நம்பரைத் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். நான்கு முறை தவறினால் பல மாடல்கள் ஐந்து நிமிடம் முடங்கும். அதற்குள் பட்டனைத் தொட்டால் சிலவற்றில் நேரம் மறுபடியும் முதலிலிருந்து ஓடும்.

டயல் லாக்கர் என்றால், எண்ணைக் கொஞ்சம் தாண்டிவிட்டுத் திரும்பி வந்து நிறுத்தினால் திறக்காது, முதலிலிருந்து சுற்ற வேண்டும். டயலைச் சுற்றியுள்ள வளையத்தில் இரண்டு குறிகள் இருந்தால் ஒன்று திறப்பதற்கு, மற்றது எண் மாற்றுவதற்கு. மாற்றி வைத்து மணிக்கணக்கில் சுற்றாதீர்கள்.

போனிலேயே கேளுங்கள்: டிரில் இல்லாமல் எவ்வளவு, டிரில் போட்டால் எவ்வளவு, துளையை அடைத்துப் பூட்டு மாற்றுவது இதில் சேருமா? எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பாதவரை வாசலுக்குள் விடாதீர்கள்.

கிரைண்டரைப் பெட்டியிலிருந்து எடுத்தால் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்தி, அதுவரைக்குமான கூலியைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வரிசை எண் தகட்டை இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள், லாக்கருக்கு வெளியே. அவசரச் சாவியையும் லாக்கருக்கு உள்ளே வைக்காதீர்கள்.