ஆள் எண்ணுவதா, கோடு வரைவதா?

ஆஸ்திரேலியாவில் 2013-இல் தொடங்கிய என்டிஐஎஸ் என்ற தேசிய மாற்றுத்திறனாளர் காப்பீட்டுத் திட்டத்தில் அரசு நேரடியாகச் சேவை செய்வதில்லை. மாற்றுத்திறனாளியின் பெயரில் பணத்தை ஒதுக்குகிறது. யாரிடம் சேவை வாங்குவது என்பது அவர் விருப்பம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. விற்பதற்கு ஊரில் ஆளே இல்லையென்றால்? அந்த ஓட்டைகளைக் கண்டுபிடிக்க முக்கியமாக மூன்று வழிகள் சொல்கிறார்கள்.

முதல் வழி தலை எண்ணுவது. ஒரு வட்டாரத்தில் எத்தனை நிறுவனங்கள், எத்தனை பயனாளிகள் என்று வகுத்துப் பார்த்தால் போதும், அரை நாள் வேலை. ஆனால் பதிவு செய்துவிட்டு ஒரு பில்கூடப் போடாத நிறுவனமும் அந்தப் பட்டியலில் இருக்கும். இதை மட்டும் நம்பித் திட்டம் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம்.

இரண்டாவது, ஒதுக்கிய பணத்தில் எவ்வளவு செலவானது என்று பார்ப்பது. ஒருவருக்கு 50,000 டாலர் ஒதுக்கி, ஆண்டு முடிவில் 30,000 மட்டும் செலவாகியிருந்தால் பயன்பாடு 60 சதவீதம். ஒரு வட்டாரம் முழுக்க இப்படியிருந்தால் அங்கே ஏதோ சரியில்லை. இது காய்ச்சல்மானி மாதிரி: சூட்டைச் சொல்லும், நோயைச் சொல்லாது. ஆள் கிடைக்காமல் செலவாகவில்லையா, ஆஸ்பத்திரியில் கிடந்ததால் செலவாகவில்லையா என்பது அந்த எண்ணில் தெரியாது.

மூன்றாவதுதான் வலையமைப்புப் பகுப்பாய்வு. பயனாளி ஒரு புள்ளி, நிறுவனம் ஒரு புள்ளி, பணம் போன இடமெல்லாம் ஒரு கோடு. ஒரு சிற்றூரில் பேச்சுப் பயிற்சி தர மூன்று நிறுவனங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தலை எண்ணினால் மூன்று. போட்டி இருக்கிறது, கவலையில்லை. இப்போது பணியாளர்களையும் புள்ளிகளாகச் சேர்த்து வரையுங்கள். மூன்று நிறுவனங்களின் கோடுகளும் ஒரே பயிற்சியாளரிடம் போய் முடிகின்றன. ஆறு வாரத்துக்கு ஒருமுறை விமானத்தில் வந்து போகிறவர் அவர். பெயர்ப்பலகை மூன்று, ஆள் ஒருவர். அவர் வேலையை விட்டால் அந்த ஊரில் பேச்சுப் பயிற்சியே இல்லை. எந்தப் புள்ளியை எடுத்தால் வலை அறுந்துபோகும் என்ற கேள்வியை மற்ற இரண்டு வழிகளும் கேட்பதே இல்லை.

பிரிட்டனில் 2011-இல் சதர்ன் கிராஸ் நிறுவனம் சரிந்தபோது ஏறத்தாழ 750 முதியோர் இல்லங்கள், 31,000 முதியவர்களின் நிலை ஒரே சமயத்தில் கேள்விக்குறியானது. ஊருக்கு ஊர் தனித்தனி இல்லங்கள், நடத்திய நிறுவனம் ஒன்றே. படுக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது.

ஆனால் இந்த முறையைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் முடியாது. பணம் போன தடத்தை வைத்துக் கோடு வரைந்தால், சேவையே கிடைக்காதவர் படத்திலேயே வரமாட்டார். ஒதுக்கீடு பெற்றவர்களின் பட்டியலையும் கொண்டுவந்து, கோடில்லாத தனிப் புள்ளிகளாக அவர்களை வைத்தாக வேண்டும். இதை மறந்துவிட்டு வரைந்த படம் பார்க்க அழகாக இருக்கும். உண்மையான ஓட்டை அதில் இருக்காது. தங்கள் பணத்தைத் தாங்களே நிர்வகிப்பவர்கள் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதும் நீண்ட காலம் முழுமையாகப் பதிவாகவில்லை. சிற்றூர்ப் படத்தில் பெயரை எடுத்துவிட்டாலும் எந்தப் புள்ளி யார் என்று ஊர்க்காரர் சொல்லிவிடுவார், அது வேறு.

என்னைக் கேட்டால், நாடு முழுக்க வலை வரைவது வீண் செலவு. பயன்பாட்டு எண்ணை வைத்துச் சந்தேகமான வட்டாரங்களைப் பிரித்துவிட்டு, அங்கே மட்டும் வரையலாம். ஆளே இல்லாத ஊருக்கும் ஒரே ஆளை நம்பி நிற்கும் ஊருக்கும் மருந்து வேறு வேறு. தொலைதூரப் பகுதிகளுக்கு, நிறுவனங்கள் வாங்கக்கூடிய உச்ச விலையை 40 சதவீதமும், மிகத் தொலைவானவற்றுக்கு 50 சதவீதமும் கூட்டித் தருகிறார்கள். முதல் ஊருக்கு அது ஒருவேளை ஆளை வரவழைக்கலாம். இரண்டாவது ஊரில் அந்த ஒரே பயிற்சியாளரை மூன்று நிறுவனங்களும் கூடுதல் விலைக்குப் பங்கு போட்டுக்கொள்ளும், அவ்வளவுதான்.