911 எஸ்.சி.: ஆயில் சூட்டோடு பல வருடக் குடித்தனம்

பழைய போர்ஷே 911 வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஆயில் சூட்டில்தான் வந்து நிற்கும். என்னிடம் இருப்பது 3.0 லிட்டர் எஸ்.சி., அதாவது 1978 முதல் 1983 வரை வந்த ரகம். வெயிலிலும் நெரிசலிலும் பல வருடமாக ஓட்டிவருகிறேன். சூடு ஏறுகிறது என்று வாயைத் திறந்தாலே வரும் முதல் யோசனை "பெரிய கூலர் (ஆயிலைக் குளிர்விக்கும் கருவி) போடு" என்பதுதான். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை என்பது என் கட்சி. காரில் ஏற்கெனவே இருக்கிற ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்காமல் கூலர் வாங்குவது காசுக்குக் கேடு.

இந்த என்ஜினில் ரேடியேட்டரும் தண்ணீரும் கிடையாது. ஃபேன் தள்ளும் காற்று சிலிண்டர், ஹெட் துடுப்புகளைக் குளிர்விக்கும், மிச்சச் சூட்டில் கணிசமான பங்கை ஆயில் சுமக்கும். அதனால்தான் மொத்தமாகப் பதின்மூன்று லிட்டர் அளவுக்கு ஆயில் கொள்கிறது. டிரை சம்ப் என்பதால் ஆயில் என்ஜினுக்கு அடியில் தேங்காமல், வலது பின்பக்க ஃபெண்டருக்குள் இருக்கும் தனித் தொட்டிக்குப் போகும். கூலர் இரண்டு. ஒன்று என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு ஃபேன் காற்றில் குளிர்வது, இன்னொன்று முன்பக்க வலது ஃபெண்டருக்குள் இருப்பது. இரண்டுக்கும் தனித்தனி தெர்மோஸ்டாட். ஆயில் சூடு 85 டிகிரி வாக்கில் வந்த பிறகுதான் அவை ஆயிலைக் கூலர் பக்கம் திருப்பிவிடும். இந்த வரைபடம் மண்டையில் ஏறிவிட்டால் பாதிப் பிரச்சினை புரிந்துவிடும்.

எனக்குச் சரிப்படும் கணக்கு இது: ஆயில் சூடு 90 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை கவலையில்லை. 120-ஐத் தொட்டால் காரணம் தேடுவேன். 130-ஐத் தாண்டிப் போவதாக இருந்தால் ஓரம் கட்டிவிடுவேன். பிரஷர் கேஜையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நன்றாகச் சூடான ஆயிலில் ஆயிரம் ஆர்.பி.எம்.முக்குச் சுமார் 0.7 பார் என்பது பொதுவான கணக்கு, ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் சும்மா ஓடும்போது) அதற்குக் கீழே இறங்கினால் உடனே பயப்பட வேண்டாம். ஓட்டும்போதும் பிரஷர் அந்தக் கணக்குக்கு எட்டவில்லை என்றால்தான் தூக்கம் கெட வேண்டும்.

ஆனால் முதலில் கேஜையே சந்தேகப்படுங்கள். நாற்பது வருட ஒயரிங். என் காரில் இரவில் ஹெட்லைட்டைப் போட்டதும் ஆயில் முள் துள்ளி மேலே ஏறியது, அணைத்ததும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. ஆயில் என்ன ஹெட்லைட்டைப் பார்த்துச் சூடாகுமா? டேஷ்போர்டுக்குப் பின்னால் எர்த் சரியில்லை, அவ்வளவுதான். முனையைச் சுரண்டி இறுக்கியதும் துள்ளல் நின்றது. அப்புறம் சென்சார். வெவ்வேறு வருடத்துக் கேஜுக்கு வெவ்வேறு சென்சார், மாற்றிப் போட்டால் முள் பொய் சொல்லும். நான் ஆயில் ஊற்றும் வாய் வழியாக நீளமான தெர்மாமீட்டரை இறக்கி ஒத்துப் பார்த்தேன். தொட்டியில் இருப்பதும் என்ஜினுக்குள் இருப்பதும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது, ஆனால் வித்தியாசம் பெரிதாக இருந்தால் குற்றவாளி கேஜா ஆயிலா என்று தெரிந்துவிடும்.

என் காரில் கேஜைச் சரி பண்ணிய பிறகும் நெடுஞ்சாலையில் சூடு ஏறிக்கொண்டே போனது. இது கவனிக்க வேண்டிய துப்பு. நெரிசலில் மட்டும் ஏறினால் காற்று போதவில்லை என்று பொருள், நல்ல வேகத்தில் காற்று அடிக்கும்போதும் ஏறினால் ஆயில் முன்பக்கக் கூலருக்கே போகவில்லை என்று சந்தேகிக்கலாம். ஒரு நல்ல ஓட்டம் ஓட்டி நிறுத்தி, முன்பக்கக் கூலரில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டினேன். பளபளப்பான உலோகத்தில் இந்தக் கருவி குறைவாகக் காட்டும், அதனால் குழாயில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் காட்ட வேண்டும். கேஜ் 120 காட்ட, கூலர் வெறும் வெதுவெதுப்பு. அங்கேயே விடை கிடைத்துவிட்டது: வலது பின் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் வெளித் தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டிருந்தது.

அதைக் கழற்றியது தனிக் கதை. அலுமினிய உடம்பில் இரும்பு நட்டு, பல வருட உப்பும் சேறும். 36 எம்.எம். ஸ்பானர் ஒன்றால் நட்டைத் திருப்ப, இன்னொரு ஸ்பானரால் எதிர்ப்பக்கம் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் குழாய் முறுக்கிக்கொள்ளும். இளகும் எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, சூடு காட்டி, அப்படியும் ஒரு நட்டு அசையவில்லை. பிடிவாதம் பிடித்தால் அலுமினிய மரை நட்டோடு உரிந்து வந்துவிடும், ஆகவே அந்த நட்டைக் குறுக்கே அறுத்துப் பிளந்து எடுத்தோம். புதிதாகப் பூட்டும்போது மரையில் ஆன்ட்டி-சீஸ் (மரை இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் காக்கும் பசை) தடவ மறக்காதீர்கள், அடுத்த முறை கழற்றப் போவது நீங்களாகவே இருக்கலாம். அதே சாக்கில் வலது கதவுக்குக் கீழே ஓடும் இரண்டு ஆயில் குழாய்களையும் பாருங்கள். ஜாக்கியைத் தப்பான இடத்தில் வைத்து நசுக்கிய கார்கள் ஏராளம். குழாய் நசுங்கினால் எவ்வளவு பெரிய கூலர் இருந்தும் பயனில்லை.

தெர்மோஸ்டாட் மாற்றிய பிறகு நெடுஞ்சாலைத் தொல்லை தீர்ந்தது, முள் 95 பக்கம் போய் உட்கார்ந்துவிட்டது. நெரிசல்தான் மிச்சம்.

நெரிசலுக்கு ஒரே காரணம் கிடையாது. என்ஜினைச் சுற்றித் தகரமும், அந்தத் தகரத்துக்கும் காரின் உடம்புக்கும் இடையே ரப்பர் பட்டையும் இருக்கும். என் காரில் ஒரு பக்கம் பட்டை தொங்கிக்கொண்டிருந்தது, இன்னொரு பக்கம் பட்டையே இல்லை. கீழே எக்சாஸ்ட் பக்கத்துச் சூடான காற்று இந்த இடைவெளி வழியாக மேலே வந்து, ஃபேன் அதையே திரும்ப உறிஞ்சும். சின்ன ரப்பர்தானே என்று விடுவார்கள், மெக்கானிக்குகளில்கூட பாதிப்பேர் கண்டுகொள்வதில்லை. அடுத்தது குப்பை. என்ஜினில் ஒட்டியிருக்கும் கூலரின் துடுப்புகளுக்கு நடுவே காய்ந்த இலையும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து ஒரு கம்பளம்போல் படிந்திருந்தது, நீண்ட காலம் நிறுத்திவைத்த கார் என்றால் எலிக் கூடும் இருக்கும். ஏசி உள்ள கார்களில் பின் மூடியின் அடியிலேயே ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் இருக்கிறது, அதாவது என்ஜின் குளிர்வதற்காக இழுக்கும் காற்று முதலில் கண்டென்சரின் சூட்டைத் தாங்கிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது. இதை எந்தப் புண்ணியவான் யோசித்தாரோ! ஊர்ந்து போகும்போது நான் ஏசியை அணைத்துவிடுவேன், முள் இறங்குவது கண்ணுக்குத் தெரியும்.

இதற்கெல்லாம் பிறகுதான் செலவு செய்தேன். முன்பக்கம் இருந்த பழைய குழாய் ரகக் கூலரை எடுத்துவிட்டு, பின்னால் வந்த 3.2 கரேராவின் ரேடியேட்டர் மாதிரியான கூலரை மின்விசிறியோடு பூட்டினேன். என்ஜின் ஃபேன் பெல்ட்டில் ஓடுவது, ஐடிலில் அதுவும் மெதுவாகத்தான் சுற்றும், முன்பக்கக் கூலருக்கோ கார் நகராவிட்டால் காற்றே கிடையாது. ஆகவே நெரிசலுக்கு மின்விசிறி உண்மையிலேயே பலன் தருகிறது. ரிலேயும் தனி ஃபியூஸும் போடுங்கள், பழைய ஒயரிங் மேல் பாரத்தை ஏற்றாதீர்கள். எந்தப் பக்கம் காற்றைத் தள்ளுகிறது என்று ஒரு காகிதத் துண்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு மூடுங்கள். இன்னொன்று, என்ஜினை அணைத்துவிட்டு மின்விசிறியை ஓடவிட்டால் கார் குளிரும் என்று சிலர் நம்புகிறார்கள். பம்ப் நின்றால் ஆயில் நகராது. கூலருக்குள் இருக்கும் கொஞ்ச ஆயில்தான் குளிரும், பேட்டரியும் இறங்கும்.

ஆயில் 20டபிள்யூ-50 போடுகிறேன், அதோடு திருப்தி. மெல்லிய ஆயில் போட்டால் குளிரும் என்ற வாதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை, இந்தச் சூட்டில் பிரஷர் நிற்பதுதான் முக்கியம். அளவு பார்ப்பதில் மட்டும் ரொம்பக் கவனம்: என்ஜின் நன்றாகச் சூடாகி, சமதரையில், ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் டிப்ஸ்டிக்கை இழுக்க வேண்டும். அணைத்த காரில் பார்த்தால் குறைவாகக் காட்டும், அதை நம்பி ஊற்றினால் அதிகமாகி என்ஜினின் மூச்சுக்குழாய் (பிரீதர்) வழியாக ஏர் ஃபில்டர் பக்கம் போய் நீலப்புகை கிளம்பும். டேஷ்போர்டில் உள்ள அளவுமானியும் அப்படித்தான், ஓட்டும்போது முள் கீழே விழும், புதிதாக வாங்கியவர்கள் அலறிவிடுவார்கள்.

ஓட்டும் முறையும் சேர்ந்ததுதான். ஏற்றத்தில் ஐந்தாவது கியரில் முக்கிமுக்கி இழுக்காமல் ஒரு கியர் இறக்கினால் ஃபேனும் வேகமாகச் சுற்றும். அதே சமயம் ஆயில் 80 டிகிரிக்கு வருமுன் விரட்டுவதும் தப்பு. குளிர்ந்த ஊர்களில் அதிகப்படி கூலர் பூட்டி முள்ளை 70-லேயே வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்தச் சூட்டில் ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகிப் போகாது.

1970-களின் நடுவில் வந்த 2.7 லிட்டர் 911 வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லும் பொறுமை பொருந்தாது. அந்த என்ஜினின் அடி உடம்பான கிராங்க்கேஸ் மெக்னீசியம், சூடு அதிகமானால் ஹெட்டைப் பிடித்திருக்கும் ஸ்டட்கள் மரையோடு பிடுங்கிக்கொண்டு வரும். எஸ்.சி.யில் அலுமினியம், கொஞ்சம் தாங்கும். எஸ்.சி.க்குப் பின்னால் வந்த 911 ரகமான 964 என்றால் வேறு கதை. கூலர் ஃபேனின் மெதுவேகத்துக்கு இருக்கும் ரெசிஸ்டர் போய்விடுவது அந்தக் காரில் வழக்கம். மெதுவேகம் வேலை செய்யாமல், சூடு நன்றாக ஏறிய பிறகு முழு வேகத்தில்தான் ஃபேன் கிளம்பும், அதனால் வேறு எதையும் கழற்றுமுன் முதலில் அதைச் சோதித்துவிடுங்கள்.