பேனா டிடிஎஸ் மீட்டர்: போர்த் தண்ணீரைப் பற்றி எதுவரை சொல்லும்?

தண்ணீரில் கரைந்த உப்பின் மொத்த அளவை (டிடிஎஸ்) காட்டும் இந்தப் பேனா, ஆர்.ஓ. உதிரிபாகக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். குடிநீருக்கென்று வந்தது. இப்போது தோட்டங்களில் மோட்டார் ரூம் ஆணியிலும் தொங்குகிறது. பாசனத் தண்ணீர் பார்க்க உதவுமா என்றால் உதவும், ஆனால் பாதிக் கதைதான் சொல்லும். மீதிப் பாதியில்தான் நிலம் கெடும்.

முதலில் திரையைப் படிக்கும் விதம். பெரும்பாலான பேனாக்களில் மூன்று இலக்கம்தான் தெரியும். 999ஐத் தாண்டினால் ஓரத்தில் ‘x10’ என்று சின்னதாகச் சிமிட்டும். அதைக் கவனிக்காமல் 184 என்று படித்துவிட்டு ‘அருமையான தண்ணி’ என்பவர்கள் உண்டு. உண்மையில் அது 1840 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்).

அடுத்தது பெருக்குத்தொகை. பேனா அளப்பது உப்பை அல்ல, மின்கடத்துதிறனை (இ.சி.). அதை 0.5ஆல் பெருக்கிப் பிபிஎம் என்று காட்டுகிறது. சில மாடல்களில் இது 0.7. மண் ஆய்வகங்களில் 0.64 வழக்கம். ஒரே தண்ணீருக்கு மூன்று விடை வருவது இதனால்தான். எனவே பிபிஎம்மை மறந்துவிட்டு இ.சி.க்கு மாற்றுங்கள். 0.5 மாடலில் 600 காட்டினால் இ.சி. 1200 மைக்ரோசைமன்ஸ், அதாவது 1.2 டெசிசைமன்ஸ். வெங்காயத்துக்கு 0.8ஐத் தாண்டினாலே மகசூல் இறங்கத் தொடங்கும். தக்காளி 1.7 வரை, பருத்தி 5 வரை தாங்கும்.

துல்லியம் விலைக்கு மோசமில்லை. ஆனால் ஊசிகளில் சுண்ணாம்பு படிந்தால் குறைத்துக் காட்டும். வினிகரில் பத்து நிமிடம் வைத்து நல்ல தண்ணீரில் அலசினால் சரியாகும். சரிபார்க்க 1413 மைக்ரோசைமன்ஸ் கரைசல் கடையில் கிடைக்கும். 0.746 கிராம் பொட்டாசியம் குளோரைடை ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தாலும் அதேதான். 25 டிகிரி வெப்பத்தில் 0.5 மாடல் 706 அளவில் காட்ட வேண்டும். வெப்ப ஈடு (தண்ணீரின் சூட்டுக்கேற்ப அளவைத் தானே திருத்தும் வசதி) இல்லாத மாடல் வாங்க வேண்டாம். ஒரு டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் தள்ளிக் காட்டும், சித்திரை வெயிலில் இது பெரிய பிழை.

இனி பேனாவின் கண்ணுக்குத் தெரியாதது. இரண்டு போர், இரண்டிலும் இ.சி. 1.2 என்று வைத்துக்கொள்வோம். முதல் தண்ணீரில் கால்சியம் 4, மெக்னீசியம் 3, சோடியம் 5, பைகார்பனேட் 5 (எல்லாம் லிட்டருக்கு மில்லி ஈக்விவலண்ட், ஆய்வக அறிக்கையில் வரும் அலகு). இரண்டாவதில் கால்சியம் 1, மெக்னீசியம் 1, சோடியம் 10, கார்பனேட்டும் பைகார்பனேட்டும் சேர்ந்து 8. பேனா இரண்டுக்கும் 600 என்றே சொல்லும். கார்பனேட், பைகார்பனேட் கூட்டலிலிருந்து கால்சியம், மெக்னீசியத்தைக் கழித்தால் வருவது எஞ்சிய சோடியம் கார்பனேட், ஆர்.எஸ்.சி. முதலாவதுக்கு அது கழித்தல் 2, கவலையில்லை. இரண்டாவதுக்கு 6. 2.5ஐத் தாண்டினாலே பாசனத்துக்கு ஆகாது என்பது கணக்கு. இதைத் தொடர்ந்து பாய்ச்சினால், களிமண் கலந்த நிலத்தில் சில பருவங்களிலேயே மேல்மண் இறுகி, பாய்ச்சிய தண்ணீர் இறங்காமல் நிற்கும். உப்பு மிகுந்த உவர் நிலம் வேறு, சோடியம் மிகுந்து இறுகும் களர் நிலம் வேறு. பேனா உவரை மட்டும்தான் எச்சரிக்கும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டாவது தண்ணீரைத்தான் வீட்டில் புகழ்வார்கள். சோப்பு நுரைக்கும், பருப்பு சீக்கிரம் வேகும். பருப்பு வேகாத முதல் தண்ணீர்தான் மண்ணுக்கு நல்லது. அதற்கும் ஒரு குறை உண்டு: சொட்டுநீர் டிரிப்பரில் சுண்ணாம்பு கட்டும்.

ஆகவே புதுப் போர் போட்டதும் ஒருமுறையாவது ஆய்வகத்துக்குக் கொடுங்கள். இ.சி.யும் பி.எச்.சும் மட்டும் போட்ட அறிக்கை, பேனாவுக்கு மேல் பெரிதாக எதுவும் தராது. கால்சியம், மெக்னீசியம், சோடியம், கார்பனேட், பைகார்பனேட், குளோரைடு என்று கேட்டு வாங்குங்கள். மாதிரி எடுக்கும் முன் மோட்டார் அரை மணி நேரம் ஓட வேண்டும். குழாயில் தேங்கிய பழைய தண்ணீர் போகட்டும். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, காற்று இடமில்லாமல் நிரப்பி, நிழலில் வைத்து ஒரு நாளுக்குள் சேர்க்கவும். பாட்டில் வெயிலில் கிடந்தால் சுண்ணாம்பு அடியில் படிந்து கால்சியம், பைகார்பனேட் இரண்டுமே குறைந்து வரும்.

ஆர்.எஸ்.சி. அதிகமென்றால் கால்சியம் தரும் ஜிப்சம்தான் வழி. ஒரு மில்லி ஈக்விவலண்ட் குறைக்க லிட்டருக்கு 86 மில்லிகிராம் சுத்த ஜிப்சம் வேண்டும். மேலே சொன்ன 6ஐ 2.5க்கு இறக்க லிட்டருக்கு 300 மில்லிகிராம். ஏக்கருக்கு 5 செ.மீ. பாய்ச்சல் என்றால் சுமார் 2 லட்சம் லிட்டர், அதற்கு 60 கிலோ. 75 சதவீதத் தரமுள்ள மூட்டையில் 80 கிலோ. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் இவ்வளவு.

அதன்பின் பேனாவுக்கு வேலை வருகிறது. பங்குனி, சித்திரையில் ஒன்று, வடகிழக்குப் பருவமழை முடிந்து தையில் ஒன்று என அளந்து மோட்டார் ரூம் சுவரில் எழுதி வையுங்கள். எண் கால் பங்குக்கு மேல் நகர்ந்தால் மறுபடி ஆய்வகம். பொத்தான் பேட்டரியைப் பருவம் முடிந்ததும் கழற்றிவிடவும், கசிந்தால் கருவியே போச்சு.