சி.எஸ்.ஆர். கேட்டுப் போய் சி.எஸ்.ஆர். வாங்கி வந்த கதை

ஆஸ்பத்திரி அறக்கட்டளையில் கிராண்ட் வாங்கித் தருகிறேன் என்று யாராவது உங்கள் வாசலில் வந்து நின்றால், காபி கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கொஞ்சம் நீளம்தான். நாங்கள் 57,000 ரூபாய் கொடுத்துக் கற்றுக்கொண்டது, உங்களுக்குச் சும்மா கிடைக்கிறது.

நான் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர். திருத்துறைப்பூண்டிப் பக்கம், கடைமடை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது தார்ப்பாயும் அரிசியும் சேர்த்துக் கொடுக்கக் கூடின பத்துப் பன்னிரண்டு பேர் அப்புறமும் கலையாமல் இருந்தோம், 2022 நவம்பரில் சார்பதிவாளர் அலுவலகத்தில் டிரஸ்ட்டாகப் பதிவு செய்தோம். இந்த 2022 நவம்பரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

எங்கள் வேலை பாதம் பார்ப்பது. கேட்டால் சிரிப்பீர்கள். நடவுக்கும் களைக்கும் போகிற பெண்கள் விடிந்ததும் சேற்றில் இறங்கிவிடுவார்கள், வெறுங்கால்தான், சேற்றுக்குள் செருப்பு எங்கே போடுவது. பல வருஷமாகச் சர்க்கரை இருந்து பாதம் மரத்துப்போனவர்களுக்கு நத்தை ஓடு கிழித்தாலும் கருவமுள் ஏறினாலும் தெரியாது. சாயங்காலம் வாய்க்காலில் கால் கழுவும்போது ரத்தத்தைப் பார்த்தால்தான் உண்டு. அதோடு சேற்றுப்புண்ணும் சேர்ந்துகொள்ளும். இப்படி ஆரம்பித்து விரலை எடுத்தவர்கள், முழங்காலுக்குக் கீழே எடுத்தவர்கள் என்று என் சர்வீஸில் நிறையப் பார்த்துவிட்டேன். மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் வந்த பிறகு மாத்திரை வீட்டுக்கே வருகிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் நடவு நாளில் வீடு பூட்டித்தானே கிடக்கும்? ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் அன்றைக்குக் கூலி போச்சு. அதனால் நாங்களே வரப்புக்குப் போனோம். டீ வருகிற நேரத்தில் காலைக் கழுவிவிட்டு உட்காரச் சொல்வோம். பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற ஒரு நைலான் இழை இருக்கிறது, மோனோஃபிலமெண்ட் என்பார்கள். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி அதால் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டு, "இப்ப தெரியுதா?" என்று கேட்போம். தெரியவில்லை என்றால் நோட்டில் எழுதிக்கொண்டு டாக்டரிடம் அனுப்புவது, முடிந்தால் ஒரு எம்.சி.ஆர். செருப்பு, அதாவது பாதம் மரத்தவர்களுக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்கிற செருப்பு, வாங்கிக் கொடுப்பது. அவ்வளவுதான் டிரஸ்ட்.

2024 மே மாதம் சென்னையில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியின் அறக்கட்டளை ஓர் அறிவிப்பு விட்டிருந்தது. எல்லாருக்கும் சமமாக மருத்துவம் போய்ச் சேருவதற்கும், அதில் புதுசாக ஏதாவது செய்கிறவர்களுக்கும் கிராண்ட் தருகிறார்களாம். என் அண்ணன் மகள்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். படித்தபோது எங்களுக்காகவே எழுதியது மாதிரி இருந்தது. ஆனால் பன்னிரண்டு பக்கமும் ஆங்கிலம். முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டோம். இரண்டாம் பக்கத்தைப் படித்திருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது.

அந்த வாரமே ஒருத்தர் வந்தார். மன்னார்குடியில் எங்களுக்குத் தெரிந்த ஓர் ஆள் சொல்லி அனுப்பியதாகச் சொன்னார். இஸ்திரி போட்ட சட்டை, லேப்டாப் பை, பேச்சுக்குப் பேச்சு 'அம்மா'. தான் என்.ஜி.ஓ. கன்சல்டன்ட் என்றார். "கம்பெனிச் சட்டம் 135-வது பிரிவும்மா, லாபத்துல ரெண்டு பர்சென்ட் செலவு பண்ணியே ஆகணும், பணத்தை வெச்சுக்கிட்டு ஆளைத் தேடிக்கிட்டு இருக்காங்க" என்றார். இதில் பாதி உண்மை. 2013-ம் வருஷக் கம்பெனிச் சட்டத்தில் அந்தப் பிரிவு இருக்கிறது, பெரிய கம்பெனிகள் முந்தின மூன்று வருஷ லாபத்தின் சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவு செய்ய வேண்டும். அதைத்தான் சி.எஸ்.ஆர். என்கிறார்கள். அவர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன்: அந்தப் பணத்தை வெளி அமைப்பு ஒன்றின் மூலமாகச் செலவு செய்வதென்றால், அந்த அமைப்புக்கு அதே மாதிரி வேலையில் குறைந்தது மூன்று வருஷ அனுபவம் இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. எங்கள் டிரஸ்ட்டுக்கு அன்றைக்கு வயசு ஒன்றரை. அறிவிப்பின் இரண்டாம் பக்கத்திலும் அதுதான் போட்டிருந்தது, மூன்று வருஷ ஆடிட் கணக்கு வேண்டும் என்று. அதாவது நாங்கள் விண்ணப்பிக்கவே தகுதி இல்லாதவர்கள். அது அந்த ஆளுக்கு முதல் நாளே தெரியும்.

கேட்டது 45,000. தொண்டு அமைப்புகளுக்கான தர்பன் தளத்தில் பதிவுக்கு 10,000, சி.எஸ்.ஆர். பணம் வாங்க அமைப்புகள் கொடுக்க வேண்டிய சி.எஸ்.ஆர்.-1 படிவத்துக்கு 'கவர்ன்மென்ட் ஃபீஸ்' 15,000, புரொபோசல் எழுத 20,000. நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் பதிவு செய்ய ஒரு பைசா கிடையாது. சி.எஸ்.ஆர்.-1 படிவத்துக்கும் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டியது எதுவும் இல்லை. அறங்காவலர் ஒருவருக்கு டிஜிட்டல் கையெழுத்து வாங்க வேண்டும், ஆடிட்டரோ கம்பெனி செக்ரட்டரியோ சான்று கையெழுத்துப் போட வேண்டும், அந்த இரண்டுக்கும்தான் செலவு. இதெல்லாம் இப்போது ஒப்பிக்கிறேன். அன்றைக்கு 20,000 டிரஸ்ட் கணக்கிலிருந்தும் மீதியை என் பென்ஷனிலிருந்தும் எடுத்து, பாதி ஜிபே, பாதி ரொக்கமாகக் கொடுத்தேன். ரொக்கத்துக்கு ரசீது கேட்டதற்கு, "என்னம்மா, நம்பிக்கைதானே" என்றார். முப்பது வருஷம் அரசாங்க ரெஜிஸ்டர் எழுதினவள் நான். அதற்கு மேல் கேட்கவில்லை.

கிராண்ட் வந்ததும் பத்து பர்சென்ட் தனியாம். இந்த ஒரு வார்த்தைக்கே நான் எழுந்து உள்ளே போயிருக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள், கிராண்ட் பணத்துக்குக் கணக்குக் காட்டும்போது 'வாங்கிக் கொடுத்தவர் பங்கு' என்று ஒரு வரி எழுத முடியுமா? முடியாது. அப்படியானால் செருப்பு வாங்கியதாகவோ வண்டி வைத்ததாகவோ பொய் பில் போட்டுத்தான் அந்தப் பத்தைக் கொடுக்க வேண்டும். ஆரம்பிக்கும்போதே திருடச் சொல்லிக் கொடுக்கிறார், நாங்கள் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

அப்புறம் சாவியை எல்லாம் வரிசையாக ஒப்படைத்தோம். தர்பனில் அவருடைய செல் நம்பர், அவருடைய மெயில். "ஓ.டி.பி. அடிக்கடி வரும், உங்களுக்குத் தொந்தரவு." ஆஸ்பத்திரி அறக்கட்டளை விண்ணப்பத்திலும் அவருடைய மெயில்தான். டிஜிட்டல் கையெழுத்து பென் டிரைவ் மாதிரி ஒரு டோக்கனில் வரும், என் பெயரில் வாங்கினதை என் கையில் காட்டிவிட்டுத் திரும்ப அவர் பையிலேயே போட்டுக்கொண்டார். அது கையெழுத்துப் போட்ட வெற்றுத்தாள் மாதிரி, அதைவிட மோசம், எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம். பத்தாததற்கு லெட்டர்ஹெட்டில் ஆறு தாள் நிஜமாகவே வெற்றாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கடைசியாக அந்த நோட்டு. 214 பெண்களின் பெயர், தெரு, செல் நம்பர், சர்க்கரை அளவு, பாதத்தின் போட்டோ. "இதுதாம்மா நம்ம சொத்து" என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டார்.

அந்த வருஷம் மேட்டூர் ஜூன் 12-ல் திறக்கவில்லை. ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள், கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியும். பெண்களுக்கு வேலை இல்லை, "நர்சம்மா, அந்தச் செருப்புப் பணம் வந்துடுச்சா?" என்று பார்க்கிற இடத்தில் எல்லாம் கேட்டார்கள். நான் அவரைக் கேட்பேன். "ஷார்ட்லிஸ்ட் ஆயிடுச்சும்மா" என்பார். செப்டம்பரில், சென்னையிலிருந்து ஆய்வுக்கு டீம் வருகிறது, ஹோட்டல், கார் எல்லாம் நாம்தான் பார்க்க வேண்டும் என்று இன்னொரு 12,000 வாங்கினார். டீமும் வரவில்லை, காரும் வரவில்லை.

அக்டோபரில் ஒரு போன் வந்தது. அறக்கட்டளையிலிருந்தே. லெட்டர்ஹெட்டில் இருந்த என் நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஏனென்றால் மெயிலுக்கு மூன்று மாதமாகப் பதிலே இல்லையாம். ஒரு பெண்தான் பேசினார், கோபமும் இல்லை, குழைவும் இல்லை. "அம்மா, உங்க டிரஸ்ட் பதிவானது 2022 நவம்பர். 2021-22-க்கு ஆடிட் ரிப்போர்ட் வெச்சிருக்கீங்க. பிறக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு லட்சம் செலவு பண்ணியிருக்கீங்களே, எப்படி?"

எனக்குக் கை நடுங்கிவிட்டது. மூன்று வருஷக் கணக்கு வேண்டும் என்றதற்கு, இல்லாத ஒரு வருஷத்தை அந்த ஆள் உண்டாக்கி, ஏதோ ஓர் ஆடிட்டர் பெயரில் முத்திரையும் குத்தியிருக்கிறார். ஆடிட்டர் கையெழுத்துப் போடுகிற ஆவணங்களுக்கு யு.டி.ஐ.என். என்று 18 இலக்க எண் ஒன்று உண்டு, ஆடிட்டர்கள் சங்கத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். இவர்கள் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், அப்படி ஓர் எண்ணே இல்லை. நீங்களும் உங்கள் டிரஸ்ட் பேரில் வருகிற ஒவ்வொரு ஆடிட் தாளையும் இப்படிப் பார்த்துவிடுங்கள், ஐந்து நிமிஷ வேலை. விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது, ஏஜென்ட் யாரையும் நாங்கள் வைப்பதில்லை என்றும் அந்தப் பெண் சொன்னார்.

விண்ணப்பத்தின் நகலைக் கேட்டு வாங்கினோம். அண்ணன் மகள் திண்ணையில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். "அத்தை, நம்ம ஊர்ல மலை எங்கே இருக்கு?" பக்கம் ஏழில் 'செங்குத்தான மலைக்கிராமங்கள்', ஒன்பதில் டோலி கட்டித் தூக்கி வருகிற கர்ப்பிணிகள், பதினொன்றில் மலை உச்சிக்கு மாத்திரை கொண்டுபோகிற ட்ரோன். எங்கள் பக்கத்தில் உயரமான இடம் என்றால் ஆற்றங்கரை, அதை விட்டால் கோயில் கோபுரம். வேறு யாருடைய புரொபோசலையோ எடுத்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார், அதுவும் நாலு இடத்தில் மறந்துவிட்டார். நாங்கள் கேட்க நினைத்தது 8 லட்சம், செருப்புக்கும் இரண்டு பெண்களுக்குச் சம்பளத்துக்கும். அதில் இருந்தது 48 லட்சம். நைலான் இழையைப் பற்றி ஒரு வரி கிடையாது. "புதுமைன்னா ஏஐ இருக்கணும்மா" என்று முன்பு ஒரு தடவை சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நோயாளிகளின் விவரம் சேகரிக்க எதிக்ஸ் கமிட்டி அனுமதி இருக்கிறதா என்ற கேள்விக்கு 'இருக்கிறது' என்று டிக் அடித்து, கீழே என் டிஜிட்டல் கையெழுத்து.

பணம் போனதை இவ்வளவு பேசிவிட்டேன். எனக்கு அதைவிட வலித்தது நவம்பரில் நடந்தது. நோட்டில் இருந்த பெண்களுக்கு வரிசையாகப் போன் வர ஆரம்பித்தது. சர்க்கரையை மூன்றே மாதத்தில் அடியோடு போக்குகிற பவுடர், இவ்வளவு விலை, கூரியரில் வரும், இன்சுலினை நிறுத்திவிடலாம். பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், சர்க்கரை எவ்வளவு என்றுகூடச் சொல்கிறார்கள். அந்த எண்கள் எங்கள் நோட்டில் தவிர எங்கேயும் கிடையாது. இரண்டு பேர் வாங்கியும் விட்டார்கள். ஒருத்தி மாத்திரையை நிறுத்திவிட்டுப் பவுடரைக் கரைத்துக் குடித்து, மயங்கி விழுந்து, திருவாரூர் ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்தாள். நான் போய்ப் பார்த்தபோது, "நீங்க சொல்லித்தான் பேசுறாங்கன்னு நெனச்சேன் நர்சம்மா" என்றாள்.

புகார் கொடுத்தோம். இணைய மோசடிக்கு 1930 என்று ஓர் எண் இருக்கிறது, பணம் போன உடனே கூப்பிட்டால் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு, நாங்கள் கூப்பிட்டது ஆறு மாதம் கழித்து. உள்ளூர் ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டு ஒரு ரசீது கொடுத்தார்கள். அதற்குப் பெயரும் சி.எஸ்.ஆர்.தான். எங்கள் பொருளாளர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று சிரித்தார் பாருங்கள், அழுகிற மாதிரி ஒரு சிரிப்பு.

டிஜிட்டல் கையெழுத்தை, கொடுத்த கம்பெனிக்கே எழுதி ரத்து செய்தோம். யாராவது உங்கள் டோக்கனை வைத்துக்கொண்டு தராமல் இழுத்தால் முதலில் இதைச் செய்யுங்கள், சண்டையெல்லாம் அப்புறம். தர்பனில் நம்பரை மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அறக்கட்டளைக்கு நடந்ததை எல்லாம் தமிழிலேயே நாலு பக்கம் எழுதினேன், மலை விஷயம் உட்பட. பொய் ஆவணம் வைத்த அமைப்புகளை இனி சேர்ப்பதில்லை என்று ஒரு வரிப் பதில் வந்தது. அவர்கள் மேல் தப்பில்லை. அந்த ஆளின் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை, ஆனால் வேறு ஒரு பெயரில் வேதாரண்யம் பக்கம் சுற்றுவதாகக் கேள்வி, அதனால்தான் இதை எழுதுகிறேன். லேப்டாப் பை, 'அம்மா', முதல் நாளே பர்சென்ட் பேச்சு. பார்த்தால் அறிவிப்பின் இரண்டாம் பக்கத்தை எடுத்து அவர் கையில் கொடுத்து, சத்தமாகப் படித்துத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.

இந்தச் சம்பா நடவுக்கும் வரப்புக்குப் போனோம். கூட்டம் பாதிதான். ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவளும் உட்கார்ந்திருந்தாள். காலைக் கழுவிவிட்டு நீட்டினாள், நான் பையிலிருந்து நோட்டை எடுத்ததும் சட்டென்று இழுத்துக்கொண்டாள். "காலைப் பாருங்க நர்சம்மா, பேரை எழுதாதீங்க."