வாளித் துணியா, வாட்டர் சர்வீஸா, பிரஷ் மெஷினா?

கறுப்பு கார் வாங்கி ஒன்றரை வருடம் ஆனபோது பாலிஷ் போட ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் பானட்டுக்கு மேல் எல்இடி விளக்கைப் பிடித்து, "இங்க வந்து பாருங்க சார்" என்றார். விளக்கு வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னினாற்போல மெல்லிய வட்டக் கீறல்கள், நூற்றுக்கணக்கில். "எங்கயும் உரசலையே" என்றேன். "தினமும் துடைக்கிறாங்கல்ல?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து எந்த வாஷைப் பார்த்தாலும் எனக்கு ஒரே கேள்விதான்: வண்டி மேல் இருக்கிற மண் தண்ணீரோடு போகிறதா, துணியோடு தேய்கிறதா? நாம் பார்க்கிற நிறத்துக்கு மேல் கிளியர் கோட் என்று ஒரு படலம் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அது 40, 50 மைக்ரான் அளவுதான், தலைமுடியைவிட மெல்லியது. தெருப்புழுதியில் இருக்கும் மணல் துகள் அதைவிடக் கடினமானது. கீறலைப் போக்க பாலிஷ் போட்டால், ஒவ்வொரு முறையும் இந்தப் படலத்திலிருந்தே கொஞ்சம் சுரண்டி எடுக்கிறார்கள். ஆகவே கீறலே விழாமல் பார்த்துக்கொள்வதுதான் லாபம்.

இந்தக் கேள்வியில் முதலில் தோற்பது, நம் அடுக்குமாடிகளில் எல்லாரும் வைத்திருக்கும் ஏற்பாடு: விடியற்காலையில் ஒருவர் வந்து ஒரு வாளி, ஒரு துணியோடு வரிசையாகத் துடைத்துக்கொண்டு போவது. ஒருநாள் ஐந்தரை மணிக்குக் கீழே இறங்கிப் பார்த்தேன். மூன்றாவது வண்டிக்கு வரும்போதே வாளித் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துவிட்டது. அதே தண்ணீர், அதே துணி, எட்டாவது வண்டி என்னுடையது. ஏழு வண்டிப் புழுதியும் என் பானட்டில் தேய்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆறு மணிக்குள் அத்தனை வண்டியையும் முடிக்க வேண்டும், வாளியை மாற்றப் போனால் வாட்ச்மேன் தண்ணீருக்குக் கணக்குக் கேட்கிறார். நாம் கொடுக்கும் சில நூறு ரூபாய்க்கு இதற்குமேல் எப்படிச் செய்வார்?

அடுத்தது வாட்டர் சர்வீஸ். வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தில் பிரஷரில் அடிக்கிறார்களே, அதை வேறு எந்த முறையாலும் ஈடுகட்ட முடியாது. மட்கார்டு உள்பக்கத்திலிருந்து செம்மண் கட்டிகட்டியாக விழுவதைப் பார்த்தால் புரியும். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடற்காற்று படும் இடத்தில் வண்டி நிற்கிறவர்களுக்கும், தனுஷ்கோடி மணலில் ஓட்டிவிட்டு வந்தவர்களுக்கும் இது அவசியம். துரு கீழேயிருந்துதான் ஏறுகிறது.

ஆனால் கடைக்குக் கடை வித்தியாசம் உண்டு, பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முதலில் வெறும் தண்ணீர் அடித்து மண்ணை இறக்குகிறார்களா? நுரை அடித்த பிறகு சில நிமிடம் ஊற விடுகிறார்களா? சக்கரத்தைத் தேய்த்த பிரஷ்ஷே கதவுக்கும் வருகிறதா? நான் போன ஒரு கடையில் பையன் அலாய் வீலைத் தேய்த்த ஸ்பாஞ்சை அப்படியே கதவுக்குக் கொண்டுபோனான். பிரேக் தூள் இரும்புத் துகள் கலந்தது. அதைக் கதவில் தேய்ப்பது உப்புத்தாள் போடுவதற்குச் சமம். இன்னும் சில இடங்களில் அடியில் டீசல் ஸ்ப்ரே பண்ணட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். பளபளவென்று தெரியுமே தவிர, அடிப்பாகத்து இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்களை அது ஊதவைத்துக் கெடுக்கும். அதில் புழுதியும் ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் மேல் பிரஷர் தண்ணீரும் கூடாது, சென்சாரும் ஒயர் கனெக்டரும் அங்கேதான் இருக்கின்றன.

பிரஷ் சுழலும் ஆட்டோமேட்டிக் மெஷினில் சில நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். மெல்லிய புழுதிக்குச் சரி. முன்னால் போனது சேற்று வண்டியாக இருந்தால் அந்தச் சேறு பிரஷ்ஷில் இருக்கும், அடுத்து உங்கள் வண்டி. பிரஷ்ஷே படாத டச்லெஸ் வகையில் கீறல் பயமில்லை. ஆனால் கை செய்யும் வேலையை அங்கே காரமான ரசாயனம் செய்வதால், போட்டிருக்கும் வாக்ஸ், அதாவது மெழுகுப் பூச்சு, சீக்கிரம் போய்விடும்.

வீட்டுக்கே வந்து செய்யும் நீராவி வாஷுக்குச் சில லிட்டர் தண்ணீர் போதும். 2019 கோடையில் செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டு, சென்னையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த நாட்களை மறக்க முடியுமா? 2024 மார்ச்சில் பெங்களூருவில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். ஹோஸ் பைப்பைக் கால்மணி நேரம் திறந்துவிட்டால் 150 லிட்டர் சுலபமாகப் போய்விடும் என்பதையும் சேர்த்து யோசித்தால், நீராவிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. சீட், ஏசி வென்ட், டேஷ்போர்டு இடுக்கு இவற்றுக்கு நான் அதைத்தான் பரிந்துரைப்பேன். வெளியே காய்ந்த சேறு இருந்தால் வேண்டாம். அவ்வளவு குறைந்த தண்ணீரில் மண் இறங்காது, கடைசியில் துணிதான் இழுக்கும். தண்ணீரே இல்லாமல் ஸ்ப்ரே அடித்துத் துடைக்கும் முறைக்கும் இதே பதில்.

எனக்குப் பிடித்தது, நேரம் கேட்டாலும், நாமே கழுவுவது. இரண்டு வாளி வேண்டும்: ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். முதலில் மண் இறங்கும்வரை ஊற்ற வேண்டும். பிறகு மைக்ரோஃபைபர் கையுறையால் மேலிருந்து கீழாக ஒரு பக்கம் தேய்த்ததும், வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பில் முக்க வேண்டும். முடிந்ததும் அலசின வாளியின் அடியைப் பாருங்கள், விரல் விட்டால் மணல் நறநறக்கும். மூன்று நான்கு வாளித் தண்ணீரில் முழு வண்டியும் முடியும். பாத்திரம் துலக்கும் சோப் மட்டும் வேண்டாம், வாக்ஸை உரித்துவிடும்.

போர் தண்ணீர்தான் இதில் தலைவலி. வெயிலில் காயவிட்டால் வெள்ளை வெள்ளையாக உப்பு வட்டம் படியும். நிழலில் கழுவி உடனே ஒற்றி எடுக்க வேண்டும். ஆர்ஓ கழிவுத் தண்ணீரை வீணாக்காமல் காருக்கு ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர். நல்ல எண்ணம்தான், ஆனால் அதில் உப்பு இன்னும் அதிகம். மேட், சக்கரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடைசி அலசலுக்கு மெட்ரோ தண்ணீர் அரை வாளி போதும்.

இப்போது நான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நானே கழுவுகிறேன். மழைக்காலம் முடிந்ததும், கடற்கரைப் பயணம் போய்வந்ததும் வாட்டர் சர்வீஸ். துடைக்கிற அண்ணனை நிறுத்தவில்லை. ஆறு மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கொடுத்து, "அண்ணே, தினமும் வேண்டாம், வாரத்துக்கு ரெண்டு நாள் போதும். சம்பளம் அதேதான். தண்ணி ஊத்திட்டு அப்புறம் துடைங்க, காக்கா எச்சம் இருந்தா ஈரத்துணிய அது மேல போட்டு ஊற வைங்க" என்றேன். வாட்ச்மேனிடமும் தண்ணீருக்குப் பேசிவிட்டேன். போன வாரம் எதிர் வீட்டு வண்டிக்கும் தனித் துணி கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்.