ஒரே சேறு, நான்கு பங்கு: புதுவை–கடலூர் ஆய்வு நிறுவனங்களைப் பல ஆண்டு பயன்படுத்தியதில்

பல துறைகள் சேர்ந்து செய்யும் வேலைக்காக ஒரு ஆய்வு நிறுவனத்தை நாடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, அங்கே பொதுவில் என்ன இருக்கிறது என்பதைத்தான். புரிந்துணர்வு ஒப்பந்தம் எத்தனை போட்டாலும், ஒரே தொகுப்பை இரண்டு துறைக்காரர்கள் கையில் எடுத்துப் பார்க்கிற இடத்தில்தான் கூட்டுவேலை நடக்கிறது.

இந்த வகையில் 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் நல்ல அமைப்பு. இந்தியவியல், சூழலியல், சமூக அறிவியல் மூன்றும் அங்கே உண்டு. ஓலைச்சுவடிகள், உலர்தாவரத் தொகுப்பு, மகரந்தத்தை நுண்ணோக்கியில் பார்க்கும் கண்ணாடி வில்லைகள் எல்லாம் ஒரே நிறுவனத்தின் பொறுப்பில். புதுவையின் சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றதைப் பலர் அறிவார்கள். மகரந்த வில்லைகளின் அருமை அந்த அளவுக்குத் தெரியவில்லை.

சுவடியும் மகரந்தமும் சேரும் ஒரு கேள்வியைச் சொல்கிறோம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர். தில்லை மரமோ அலையாத்திக்காட்டு மரம். இன்று அதைப் பார்க்கப் பிச்சாவரம் போக வேண்டும். அப்படியானால் காடு ஒரு காலத்தில் ஊர்வரை இருந்ததா? சுவடி படிப்பவர் பெயரின் பழமையைச் சொல்லலாம். ஆனால் ஓலையின் வயது வேறு, அதில் உள்ள நூலின் வயது வேறு. சூழலியலாளர் இதைக் கேட்டுக்கொள்ளாமல் ஓலையின் காலத்தை வரைபடத்தில் போட்டுவிடுகிறார். மறுபக்கமும் இதே சிக்கல்தான். அங்கே பழைய காட்டுக்குச் சான்று சேற்றில் தங்கிய மகரந்தம். சேற்றில் சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தின் மகரந்தம் ஏராளமாகக் கிடைக்கும். வெண்கண்டல் என்ற இன்னொரு அலையாத்தி மரத்தின் மகரந்தம் மரங்களின் எண்ணிக்கைக்குத் தக்கபடி கிடைக்காது. மகரந்தம் குறைந்தால் மரமும் குறைவு என்று மொழியறிஞர் எழுதிவிடக் கூடாது. இப்படி ஒருவர் தரவை மற்றவர் தவறாகப் படிக்காமலிருக்க, முதல் மாதத்திலேயே இரு தரப்பும் ஒரு நாள் எதிரெதிரே உட்கார்ந்து மாதிரியைப் பார்க்க வேண்டும்.

களவேலைக்கு வெள்ளாற்றுக் கழிமுகத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையம் தோதான இடம். ஆற்றங்கரையிலேயே ஆய்வுக்கூடம் இருப்பதால் சேறு எடுத்த சூட்டோடு பிரித்து வைக்க முடிகிறது. பிரிப்பதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். ஒரே சேற்றை நான்காகப் பங்கிட வேண்டும். சேற்றுப் புழுக்களை எண்ணுகிறவருக்கு 0.5 மி.மீ. சல்லடையில் அலசி ஃபார்மலினில். மரபணு பார்க்கிறவருக்கு 95% எத்தனாலில்; ஃபார்மலின் பட்டது அவருக்கு உதவாது. சேற்றின் ஈரம் எத்தனாலை நீர்க்கச் செய்யும் என்பதால் மறுநாள் அதை மாற்ற வேண்டும். உலோகம் அளக்கிறவருக்கு பிளாஸ்டிக் கரண்டியால் எடுத்து, 63 மைக்ரான் நைலான் சல்லடையில். பித்தளைச் சல்லடையில் சலித்தால் தாமிரமும் துத்தநாகமும் சல்லடையிலிருந்தே வந்துவிடும். ஒரு பருவத்து வேலை போச்சு. பாதரசமும் பார்ப்பதானால் அடுப்பில் சூடேற்றி உலர்த்தக் கூடாது, ஆவியாகிப் போகும். மகரந்தப் பங்கை எடுத்தவுடன் மூடிவிட வேண்டும். காற்றில் வரும் இன்றைய மகரந்தம் கலந்தால் பிறகு பிரிக்க வழியில்லை.

லேபிளைப் பென்சிலால் எழுதிப் புட்டிக்குள்ளேயே போடுங்கள். எத்தனாலில் பேனா மை கரையும். இட அளவைத் தசமப் பாகையில் மட்டும் எழுதுங்கள். பரங்கிப்பேட்டையின் அட்சரேகை 11 பாகை 29 கலை, அதாவது 11.48 பாகை. அதை 11.29 என்று எழுதினால் புள்ளி சுமார் 21 கி.மீ. தெற்கே, கொள்ளிடத்துக்கு அப்பால் விழும். ஓதம் ஏறும் நேரமா, இறங்கும் நேரமா என்பதையும் குறியுங்கள். கழிமுகத்தில் உப்பளவு அதற்கேற்ப மாறும்.

பொதுவில் வைத்த தரவு என்ன செய்யும் என்பதற்கு இந்தக் கரையே சான்று. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 18 மீனவக் குப்பங்களின் இழப்பைத் தொகுத்து, அலையாத்திக்காடு உயிர்களைக் காத்தது என்று 2005இல் எழுதினார்கள். அதே எண்களை வேறு ஆய்வாளர்கள் மறுபடி கணக்கிட்டு, கடலிலிருந்து உள்ள தூரமும் தரையின் உயரமும்தான் பெரிய காரணம் என்று வாதிட்டார்கள். குப்பம் குப்பமாகத் தூரமும் உயரமும் தரப்பட்டிருந்ததால்தான் அந்த விவாதமே சாத்தியமானது. இரண்டு தரப்பையும் படிக்காமல் காடு நடுவதற்குத் திட்டம் எழுதாதீர்கள்.

ஆய்வுக் கருவிகளுக்கு ஐ-ஸ்டெம் (I-STEM) என்ற இணையதளத்தில் தேடினால் அரசு நிதியில் வாங்கிய கருவிகளில் எது எங்கே இருக்கிறது என்று தெரியும். முன்பதிவுக்கு முன் அதை இயக்கும் பணியாளரோடு பேசிவிடுங்கள். மாதிரியைத் தூளாகத் தர வேண்டுமா கரைசலாகவா, எத்தனை கிராம் என்பது அவருக்குத்தான் சரியாகத் தெரியும். நிறுவனங்களில் மிகக் குறைவாக மதிக்கப்படுகிறவர் அவர். கூட்டுவேலையைத் தாங்கி நிற்பவரும் அவரே. கட்டுரையில் அவர் பெயரை நன்றியுரையோடு நிறுத்துவது நியாயமில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

மீனவர்களிடம் உடல்நலம் பற்றிக் கேட்பதானால் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில். கேட்டு முடித்தபின் வாங்க முடியாது. சமூகவியலாளர் வரும்வரை இது நினைவுக்கு வராத திட்டங்கள் நிறைய.

கடைசியாக, திட்டம் முடிந்தபின் புட்டிகள் யாருடைய அலமாரியில் இருக்கும், எத்தனால் குறைந்தால் யார் ஊற்றுவார் என்பதைத் திட்டத் தாளிலேயே பெயரோடு எழுதி வாங்குங்கள். அந்த வரி இல்லாத திட்டங்களின் புட்டிகள் மூன்றாம் ஆண்டில் காய்ந்து கிடக்கும்.